கசத்தில் போட்ட வெடி

அன்பு மகள் ஆர்த்திக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்ப் பனிக்குத் தாக்குப்பிடித்து நன்றாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்ல எடுத்து இரண்டு தடவை வைத்துவிட்டேன் தாயி, அதனால் எழுதுகிறேன்.

கொசுவலை கட்டிப் பொடிமீனைக்கூட விடாமல் அரித்ததில் நம் ஆற்றில் மீனே அற்றுப்போனது உனக்குத் தெரியும். இந்த ஐப்பசி மழைக்குத் தண்ணீர் வந்ததும் ஊர் கூடிப் பேசினோம். கோடையிலும் வற்றாத அந்த ஆழமான கசத்தில் மீன் முட்டையிட்டுக் குஞ்சு தேறும்வரை, தை முடியும்வரை, யாரும் வலை இறக்கக் கூடாது என்று முடிவு. காவலுக்கு முதல் ஆளாக நிற்கிறேன் என்று எழுந்து சொன்னது உன் சித்தப்பா பாண்டிச்செல்வம்தான். என் தம்பி என்று எனக்கு அவ்வளவு பெருமை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் டமார் என்று ஒரு சத்தம், ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. நம் பக்கத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் முதலில் என்ன நினைப்போம், பட்டாசுக் கம்பெனிதானே. உன் சித்தி சண்முகத்தாய் வாரிய தலையை முடியாமல் ஓடிவந்து, "மாமா, விடியமுன்ன போன மனுசன், போனை எடுக்க மாட்டேங்குறாக, பட்டாசுக் கம்பெனிக்கு லோடு ஏத்தத்தான் போனாகளோ என்னமோ" என்று அழுதாள். அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, கம்பெனிகள் இருக்கும் ஆமத்தூர் ரோட்டில் போனேன். எங்கும் புகையில்லை. ஆற்றுப் பக்கமாக ஆட்கள் கூடையும் சாக்குமாக ஓடினார்கள், நாங்களும் போனோம்.

கசம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறு. கெண்டை, கெளுத்தி, விரால், விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள், எல்லாம் மல்லாந்து மிதந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்று சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தது உன் சித்தப்பா. உயிரோடு பார்த்த சந்தோஷத்தில் சித்தி கும்பிட்டாள், நான் தண்ணீரில் இறங்கி அவனிடம் போனேன். ஏன்டா கசத்தில் வெடியைப் போட்டாய் என்று கேட்டேன். "நான் எடுக்கலேன்னா அக்கரைக்காரன் அள்ளிட்டுப் போயிருவான்ணே, எவனாச்சும் எடுக்கத்தான போறான்" என்கிறான், முகத்தில் வெட்கம்கூட இல்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி என்ன தெரியுமா, கூட்டத்தில் தலையாட்டிய அத்தனை பேரும் அவனோடு சேர்ந்து அள்ளினார்கள், ஒருவரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டார் கொடுத்த மீனை அம்மா அரிந்துகொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அரிவாள்மணையை விட்டு நிமிர்ந்து, "பாத்தீகளா, வயிறு பூராம் சினை, எம்புட்டு சினை" என்றாள். நான் விவரம் சொன்னதும் அரிந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். பிறகு அவளே என் சட்டையை எடுத்து வந்து கொடுத்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தம்பி மேல் நானே புகார் எழுதிக் கொடுத்தேன். அவனைக் கைது செய்தார்கள், வெடிமருந்து எங்கே கிடைத்தது என்று இன்னும் விசாரிக்கிறார்கள். "கூடப்பொறந்தவனவிட ஒங்களுக்கு மீனு பெருசாப் போச்சா மாமா" என்று சித்தி வாசலில் நின்று கேட்டாள்.

ஊர் மறுபடி கூடியது, இந்த முறை கசத்தை வருகிற தைக்கும் அடுத்த தைவரை மூடியிருக்கிறோம். தப்பிய குஞ்சு ஏதாவது இருக்கிறதா என்று தினமும் போய்ப் பார்க்கிறேன், நாற்றம்தான் அடிக்கிறது.

நீ வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. இருவரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருக்க இருக்கன்குடி மாரியம்மன் துணை நிற்பாள். ஒன்று மட்டும் மறக்காதே. ஜாமீனில் வந்திருக்கும் சித்தப்பா உனக்குப் போன் செய்வான். புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லி என்னிடம் பரிந்து பேசாதே. ஆனால் அவன் அழுதால் போனை வைத்துவிடாதே தாயி.

இப்படிக்கு,
உன் அப்பா
சோலைமலை