கோழி இறகும் உன் சலங்கையும்

நீ கண் மூடுவதற்கு முன் என்னிடம் கொடுத்த சலங்கையின் தோல்வாருக்கு விளக்கெண்ணெய் தடவி வாசலில் வைத்திருந்தேன். அந்த வாசனைக்கு நீயே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அப்போதுதான் சென்னை வண்டி வந்து நின்றது.

இறங்கிய இருவரும் உன் கதையைப் படமாக எடுக்கப் போகிறார்களாம். அதற்குச் சலங்கை வேண்டுமாம். "அவங்க எங்களுக்குத் தெய்வம் மாதிரிம்மா," என்றான் கண்ணாடி போட்டவன். தெய்வம் என்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. நீ இருந்தபோது அப்படிச் சொன்ன எவரும் உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லையே.

சேந்தமங்கலத்தில் ஐந்தாவது வரை நாம் ஒரே பெஞ்சு. நான் அதோடு நின்றுவிட்டேன். நீ கொல்லிமலைத் திருவிழாவில் உன் அப்பாவின் சலங்கையைக் கட்டி ஆடினாய். பார்த்த சினிமாக்காரர்கள் கூப்பிட்டார்கள். முதல் படப்பிடிப்புக்குத் துணையாக நானும் வந்தேன். மலைக்காரி வேடம் என்று உன் முகத்தில் கரியைப் பூசி, தலையில் இறகுக் கிரீடம் வைத்தார்கள். நீ அதைக் கழற்றி டைரக்டர் கையிலேயே கொடுத்தாய்.

"இது கோழி இறகுங்க. எங்க மலையில கோழியத் திம்போம், தலையில வைக்க மாட்டோம்."

அன்றே பஸ் ஏறினோம். "போச்சா புள்ள?" என்றேன்.

"போவுட்டும். இனி எவன் கூப்புட்டாலும் மொதல்ல வேசத் துணிப்பொட்டியத் தொறக்கச் சொல்லோணும்."

அப்படியேதான் செய்தாய். வேடங்கள் தாமதமாகத்தான் வந்தன. ஆனால் நர்சாக வந்தாய், டீச்சராக வந்தாய். தியேட்டரில் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "அவ என்ற பெஞ்சுக்காரியாக்கும்," என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று நானும் கேட்டேன். "துணிப்பொட்டியத் தொறங்க சாமி."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அதெல்லாம் இன்னும் முடிவாகலைம்மா."

"பின்சீட்டுல இருக்கறது என்னங்க?" என்றாள் வண்டியை எட்டிப் பார்த்த என் பேத்தி. அவளுக்கும் என்னைப் போலக் கூர்மையான கண்.

பெட்டியைத் திறந்தார்கள். மேலே சீலைகள், நல்ல சீலைகள்தான். நான் அடிவரை கையை விட்டுத் துழாவினேன். இறகு தட்டுப்பட்டது. இந்த முறை மயில்.

"கோழி போயி மயிலு வந்திருக்குதுங்களா?" என்றேன். கண்ணாடிக்காரன் பெட்டியை மூடினான்.

வண்டி போய்விட்டது. சலங்கை என் மடியில் இருக்கிறது. சரியான ஆள் வந்தால் கொடுப்பேன், பெட்டியைத் துழாவிய பிறகு. இந்தச் சந்தேகமும் நீ கொடுத்ததுதான். அதையும் எண்ணெய் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.