நைலாகிட்ட சொல்லாதீங்க

மார்ச் 4, திங்கள்

வாய்ப்புண் இன்று கொஞ்சம் பரவாயில்லை. தங்கை கவ்தர் பார்லிக் கஞ்சி கொண்டுவந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே வழக்கமான பேச்சை ஆரம்பித்தாள்.

"அந்த வேலைதான் அக்கா உன்னை இப்படி ஆக்கிடுச்சு. இந்த ஊர்ல எவன் நெஞ்சைப் பிடிச்சாலும் உன் காதுலதானே வந்து கத்துறான்?"

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் உட்கார்ந்து ஸ்ஃபாக்ஸ் நகரம் முழுவதும் அலறுவதைக் கேட்பவள் நான். கேட்டுக்கொண்டிருந்தவள். இலையுதிர் காலத்தில் கழுத்தில் கழலை வந்தது. நிணநீர்ப் புற்று என்றார்கள். நான்கு சுற்று மருந்து ஏற்றியாகிவிட்டது, இன்னும் இரண்டு. ஏன் வந்தது என்பதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். கவ்தருக்கு என் வேலை. அத்தைக்கு என் விவாகரத்து. எதிர்வீட்டுக்காரிக்குக் கண்ணேறு.

எனக்கு? தெரியவில்லை. தெரியாவிட்டாலும் இதைக் கடந்துவிடுவேன்.

மார்ச் 9

முன்னாள் கணவன் லுத்ஃபி ஃபோன் செய்தான். பிரிந்த பிறகு அவன் அழுது இன்றுதான் கேட்டேன்.

"நான் குடுத்த மன உளைச்சல்தான் நைலா உனக்குக் கட்டியா வந்துடுச்சு."

"லுத்ஃபி, என்கூட இருந்த காலத்துல ஒரு பல்பு மாத்தியிருக்கியா நீ? என் உடம்புக்குள்ள கட்டி வளர்க்க மட்டும் எப்படி நேரம் கிடைச்சுது?"

அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். என் நோயிலும் தனக்கு முதலிடம் வேண்டும் இவனுக்கு. தரமாட்டேன்.

ஆனால் ஃபோனை வைத்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. அப்படியும் இருக்குமோ?

மார்ச் 13

டாக்டர் சிஹாமிடம் கேட்டேவிட்டேன். கவ்தரும் கூட இருந்தாள்.

"மன அழுத்தத்தாலதான் எனக்கு இது வந்துச்சா?"

அவர் மழுப்பவில்லை. "நீண்ட நாள் மன அழுத்தம் தூக்கத்தைக் கெடுக்கும், ரத்தக் கொதிப்பை ஏத்தும், இதயத்துக்குக் கெடுதல். நோயை எதிர்க்கிற சக்தியும் தளரலாம். ஆனா அதிலிருந்து இந்தப் புற்றுக்கு நேரா ஒரு கோடு போட ஆதாரம் பத்தாது. சில ஆய்வுல சம்பந்தம் இருக்குன்னு வருது, சிலதுல இல்லைன்னு வருது. உங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு நான் சொன்னா அது பொய்." பிறகு எழுந்து வழியனுப்பும்போது, "நல்லாத் தூங்குங்க. மனசை அமைதியா வச்சுக்கங்க" என்றார்.

கவ்தரின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது போலிருக்கிறது. படியிறங்கும்போதே, "கேட்டியா? அமைதியா இருக்கணுமாம்!"

மார்ச் 21

நேற்று ஐந்தாவது சுற்று. எழுதக் கை வரவில்லை.

ஏப்ரல் 3

தனியாகச் சமாளிக்க முடியாது என்று கவ்தர் என்னைத் தன் வீட்டு மாடியறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். நல்லவள். ஆனால் இந்த வீட்டில் ஏதோ நடக்கிறது. நான் இறங்கி வந்தால் பேச்சு நிற்கிறது. டிவியில் செய்தி வந்தால் சேனல் மாறுகிறது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சும்மா சும்மா ஏன் சிரிக்க வேண்டும்?

ஏப்ரல் 8

பாபா, எங்கள் அப்பா, ஃபோன் செய்வதே இல்லை. அம்மா போன பிறகு கெர்கென்னாத் தீவில் தனியாக இருக்கிறார். கரைக்கு என்ன மீன் வந்தது என்று எனக்கு ஃபோனில் சொல்லாமல் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

கவ்தரைக் கேட்டேன். "ஃபோன் கடல்ல விழுந்துடுச்சு அக்கா."

"பக்கத்து வீட்டு ஃபோன்லேர்ந்து பேசலாமே?"

"அவங்க ஊர்ல இல்ல."

"தீவு முழுக்க யாருகிட்டயும் ஃபோன் இல்லையா?"

"ஐயோ, நீ இதையெல்லாம் போட்டு மனசைக் குழப்பிக்காத!"

ஏப்ரல் 17

வெள்ளையணு குறைந்து தள்ளிப்போன ஆறாவது சுற்று இன்று முடிந்தது. கடைசிச் சுற்று! கவ்தர் கட்டிப்பிடித்து அழுதாள். சந்தோஷ அழுகை மாதிரித் தெரியவில்லை.

ஏப்ரல் 22

எழுதியே தீர வேண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் மொன்ஜி, பேரீச்சம்பழ மக்ரூத் இனிப்பு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கவ்தர் கடைக்குப் போயிருந்தாள். முகக்கவசத்தோடு வாசலோரமாக உட்கார்ந்து அலுவலகக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர், நடுவில் சாதாரணமாகக் கேட்டார்:

"லல்லா நைலா, அப்பாவுக்கு இப்போ எப்படியிருக்கு? கை அசையுதா?"

"எந்தக் கை?"

"கெர்கென்னாவிலேர்ந்து வந்த அழைப்பை நான்தானே எடுத்தேன்..." என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத்... தெரியாதா?"

அழவில்லை நான். வேலையில் கேட்பதுபோல் வரிசையாகக் கேட்டேன். எப்போது? எந்தப் பக்கம்? நினைவு இருந்ததா? எங்கே சேர்த்தார்கள்? பக்கவாதம், வலது பக்கம், மார்ச் கடைசி வாரம், படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.

எனக்கு மருந்து ஏற்றியது முதல் மாடியில். என் தலைக்கு மேலே பாபா படுத்திருந்திருக்கிறார்!

அடிப்பாவி கவ்தர். என்ன தைரியம் உனக்கு. எவ்வளவு கெட்ட செய்தி கேட்டவ நான். ஊருக்கே கேட்டவ. என் அப்பாவைப் பத்தி மட்டும் கேட்கக் கூடாதா?

ஏப்ரல் 23

காலையில் முகக்கவசம் போட்டு, மொட்டைத் தலையில் துணி கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். கவ்தர் கதவை மறித்தாள்.

"வேணாம் அக்கா. அவரைப் பார்த்தா நீ தாங்கமாட்டே. கவலைப்பட்டா நோய் திரும்பிடும். உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"தள்ளு."

"டாக்டரே சொன்னாங்களே..."

"டாக்டர் அமைதியா இருன்னு சொன்னாங்க. ஏமாந்து இருன்னு சொல்லல. கார் சாவி எங்கே?"

அவளேதான் ஓட்டினாள்.

பாபா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நான் கூப்பிட்டதும் திரும்பினார். பேயைப் பார்த்தவர் மாதிரி பார்த்தார். இடது கையைத் தூக்கி என் கன்னத்தை, காதை, தலைத்துணியைத் தடவினார்.

"நீ... இருக்கியா?"

"இருக்கேன் பாபா."

"செத்து... மறைக்கிறாங்கன்னு..."

அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதார். நைலா எங்கே என்று அவர் கேட்கும்போதெல்லாம் 'நல்லா இருக்கா, வருவா' என்று சொல்லி எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் செத்துவிட்டேன் என்று முடிவு செய்திருக்கிறார். சாப்பாட்டையும் ஒதுக்கத் தொடங்கியிருக்கிறார்.

பின்னால் சத்தம். கவ்தர் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஓடிவந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். கருவியை நம்பாமல் மறுபடி கட்டிப் பார்த்தாள். "இவங்களை உடனே சேர்க்கணும்" என்றாள்.

ஏப்ரல் 25

கவ்தர் பெண்கள் வார்டில். கொதிப்பு இறங்கியிருக்கிறது, ஆனால் இனி தினமும் மாத்திரை. திட்ட நினைத்துத்தான் போனேன்.

"காலையில அவர்கிட்ட சிரிச்சேன், சாயங்காலம் உன்கிட்ட சிரிச்சேன்" என்றாள். "தலை வெடிக்கிற மாதிரி இருக்கும். யார்கிட்ட சொல்ல? எப்பவும் உன்கிட்டதானே சொல்வேன்."

திட்டவில்லை. கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். நர்ஸ் முறைத்தாள். முறைக்கட்டும்.

ஒன்று மட்டும் சொன்னேன்: "இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லணும். நல்லதோ கெட்டதோ, அன்னிக்கே."

"சத்தியமா."

"அழுதாலும் சரி. சிரிச்சா மட்டும் உதைப்பேன்."

ஜூன் 12

ஸ்கேனில் நோயின் தடம் இல்லை. பாபாவைக் கவ்தர் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். தினமும் மீன் பெயர்களைச் சொல்லிப் பேசப் பழகுகிறார். கணவாய் வருகிறது. மத்தி வரமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 16

மறுபடி வேலைக்குப் போனேன். மேலாளர் பழைய பழக்கத்தில் இரட்டை ஷிஃப்ட் கேட்டார். முடியாது என்றேன். இரண்டாவது முறையும் கேட்டார். இரண்டாவது முறையும் முடியாது என்றேன். மன அழுத்தத்தால் வந்ததோ இல்லையோ, தூக்கம் என்னுடையது. அதைக் காப்பாற்ற ஆராய்ச்சி முடிவு தேவையில்லை. ஹெட்ஃபோன் காதில் ஏறியபோது நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இந்த வேலை பிடிக்கும். யாருமே அதைக் கேட்கவில்லை.

நவம்பர் 7

தாடைக்குக் கீழே ஒரு வீக்கம்.

குளியலறையில் நின்று மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தேன். முதலில் தோன்றியது என்ன? கவ்தரிடம் சொல்லக் கூடாது. அவளுக்குக் கொதிப்பு ஏறும். பாபாவுக்குக் கூடவே கூடாது.

பார்! எவ்வளவு சுலபமாக வருகிறது.

கீழே போய் இரண்டு பேரிடமும் சொன்னேன். கவ்தர் வெளுத்துப்போனாள். சிரிக்கவில்லை. மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பாபா, "டாக்டர்... எப்போ?" என்றார்.

நவம்பர் 15

மூன்று பேரும் போனோம். பாபாவை உட்கார வைக்கவே அந்தச் சின்ன அறையில் இடமில்லை. டாக்டர் சிஹாம் விடுப்பிலாம். புதிதாய் ஓர் இளம் டாக்டர். பரிசோதனை முடிவைப் படித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கவ்தரைப் பார்த்தார்.

"நீங்க மட்டும் கொஞ்சம் வெளியே வர்றீங்களா?"

கவ்தர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"இங்கேயே சொல்லுங்க டாக்டர். அக்காகிட்டயே சொல்லுங்க."

அவர் தயங்கினார். பிறகு உட்கார்ந்து, என் பக்கம் திரும்பிச் சொன்னார். புற்று திரும்பவில்லை. கடைவாய்ப் பல் வேரில் சீழ். அதைச் சொல்வதற்குத்தானா வெளியே கூப்பிட்டீர்கள் என்று கவ்தர் அவரைப் பிடித்துக்கொண்டாள். பாபாவும் நானும் சேர்ந்துதான் அவளை இழுத்து வந்தோம்.

நாளை பல் டாக்டர். ஊசி என்றாலே எனக்கு இன்னும் பயம். அதையும் இருவரிடமும் சொல்லிவிட்டேன்.