ஆளுக்கொரு கதவு

மார்ச் 4, செவ்வாய்

இந்த வீட்டுக்குக் குடிவந்து பத்தொன்பது நாள். இன்று அவர் தன் அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்: "படிப்பறை. தட்டிவிட்டு வரவும்." உள்ளே இருக்கிற ஒரே புத்தகம் மிக்ஸியோடு வந்த கையேடு. மூக்குக்கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க அடுத்தவர் பவரைச் சோதிக்கிற மனுஷனுக்கு வீட்டிலும் ஒரு பவர் கிடைத்துவிட்டது!

மார்ச் 9, ஞாயிறு

பழைய ஒற்றை அறையில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினோம். சண்டை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இடம் கிடையாது; திருப்பினால் சுவரில் மூக்கு இடிக்கும். தட்டு வைப்பதற்குள் சமாதானம் ஆகியே தீரவேண்டும். இங்கே எல்லாம் வசதி. வியாழனன்று தொடங்கிய சண்டை இன்னும் மெருகு குலையாமல் இருக்கிறது. எதற்குச் சண்டை என்பதுதான் மறந்துபோச்சு.

மார்ச் 22, சனி

செல்போனில் குடும்பத்துக்கென்று ஒரு குழு தொடங்கியிருக்கிறார். உறுப்பினர்கள் மூன்று பேர். அட்மின் அவரே. முதல் செய்தி: "காபி கிடைக்குமா?" அடுப்படியிலிருந்து அவர் அறை எட்டடி தூரம். "கிடைக்கும்" என்று தட்டினேன். மகள் ஒரு கட்டைவிரல் போட்டாள். எதைப் பாராட்டினாளோ.

ஏப்ரல் 17, வியாழன்

ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் டோக்கன் எண்ணைக் கத்திக் கூப்பிடுவதுதான் என் பிழைப்பு. இன்று நாற்பத்தாறாம் எண்காரரை மூன்று முறை கூப்பிட்டும் அந்த ஆளுக்குக் கேட்கவில்லை.

"என்னக்கா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள் நெட்டை நர்ஸ்.

புது வீட்டில் வாயைத் திறந்தால் எதிரொலிக்கிறது. அடக்கி அடக்கிப் பேசி குரலே சுருங்கிவிட்டது. அவளிடம், "நாகரிகம்டி" என்றேன்.

மே 6, செவ்வாய்

சோபாவுக்கு உறை தைத்துப் போட்டாயிற்று. விருந்தாளி வந்தால் கழற்றுவதாகத் திட்டம். யாரும் வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்றைக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

மகளோடு கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண் இன்று ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். "அவ எப்படி இருக்கா ஆன்ட்டி? வேலைய விட்டு ரெண்டு மாசமாச்சு, ஒரு போன்கூட பண்ணல."

நான் சிரித்துக்கொண்டே, "நல்லா இருக்கா" என்றேன். என்ன நடிப்பு!

ரெண்டு மாசம். வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டு, தினமும் ஒன்பது மணிக்கு "மீட்டிங்" என்று கதவைச் சாத்துவாளே. நானும் வாசலில் டீயை வைத்துவிட்டுப் பூனை மாதிரி நடந்து வந்தேனே. பெத்தவளா நான்? லாட்ஜுல டீ குடுக்கிறவளா?

சாயங்காலம் அவர் அறைக்குள் தட்டாமல் போனேன். "தட்டிட்டு வரக்—" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். மகளைக் கூடத்துக்குக் கூப்பிட்டோம். உறை போட்ட சோபாவில் மூன்று பேரும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தோம்.

யாரோ தொலைத்த பார்சலுக்கு இவளை நிறுத்தி, எல்லார் முன்னாலும், "உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது?" என்று கேட்டாராம் மேலாளர். அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஏன்டி எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லத்தாம்மா அன்னிக்கு ரூமவிட்டு வந்தேன். உங்க ரெண்டு பேர் கதவும் சாத்தியிருந்துச்சு. எதத் தட்டுறதுன்னு தெரியல. திரும்பிப் போயிட்டேன்."

"குரூப்புல போட்டிருக்கலாமேம்மா" என்றார் அவர். சொன்ன வேகத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் அழுதாள். அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் எதற்கென்றே தெரியாமல் சோபா உறையை உருவி மடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

கதவில் தாளைக் காணோம். கேட்டதற்கு, "காத்துல விழுந்திருக்கும்" என்றார். நான்கு மூலையிலும் ஒட்டியது.

ஜூலை 20, ஞாயிறு

நெட்டை நர்ஸும் அவள் தோழியும் தங்க இடம் தேடி அலைகிறார்கள் என்று போன வாரம் அவரிடம் சொன்னேன். யோசிக்கவே இல்லை. "என் ரூமக் குடு. எனக்கு அங்க என்ன வேலை?" அதைத்தான் நானும் நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், மனசுக்குள். இப்போது கூடத்தில் படுக்கிறார். குறட்டை எல்லோருக்கும் பொது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஐந்து பேர், ஒரு குளியலறை. காலை ஏழு மணிக்கு வாசலில் நெரிசல். உள்ளே மகள்.

"நேத்துப் போன இன்டர்வியூ என்னடி ஆச்சு?" என்று கதவை இடித்தேன்.

"ஊத்திக்கிச்சும்மா!"

"போனாப் போகுது, மொதல்ல வெளிய வா. கடைக்கு நேரமாச்சு" என்றார் அவர், தோளில் துண்டோடு.

வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே நெட்டை நர்ஸ் ஏதோ சொன்னாள். ஆஸ்பத்திரி பில்லிங்கில் ஆள் கேட்கிறார்களாம். அதைப் புரிந்துகொள்வதற்குள் அவள் தோழி வரிசையில் முந்திவிட்டாள். அதற்கொரு சண்டை.

கதவு திறந்தது. மகளுக்குக் கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டதாம். வரிசையில் நின்ற நான்கு பேரில் ஒருவர்கூட நம்பவில்லை.