சொல் கொடுத்த வீடு

டிசம்பர் 5, 1993

அன்புள்ள மிஸ் வெர்னா,

உங்கள் வீட்டுப் பொரித்த கெளுத்தி மீனைப் பற்றி எங்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. டொமினோ ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டு உங்கள் கணவர் ஹார்லன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. அந்த இருமல் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அவரை டாக்டர் சொல்வதைக் கேட்க வையுங்கள்.

உங்கள் மகன் டிராவிஸைப் பற்றி நான் சொன்னது முகத்துதி இல்லை. எதிராளிகள் நான்கு பக்கமும் பாய்ந்து வரும்போது நிதானமாக நின்று, பந்தை யாரிடம் எறிய வேண்டும் என்று பார்க்கிற பையன்கள் அபூர்வம். எங்கள் பல்கலைக்கழக ஃபுட்பால் அணிக்கு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்த அப்படி ஒரு குவார்ட்டர்பேக் வேண்டும். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு.

உங்கள் அன்புக்குரிய,
கோச் லோனி ஹாப்கிர்க்

டிசம்பர் 10, 1993

அன்புள்ள கோச்,

கடிதம் கிடைத்தது. ஹார்லன் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். இருமல் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய இருமல். நுரையீரலில் புற்றுநோய் பரவிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லத் தோன்றியது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆற்றோரத்துச் சின்னக் கல்லூரியின் கோச் ப்ரூயட், டிராவிஸ் ஒன்பதாவது படிக்கும்போதிருந்தே ஆட்டம் பார்க்க வருகிறார். மழையானாலும் வருவார். அவரும் இடம் தருகிறேன் என்கிறார். நீங்களோ ஃப்ளோரிடா பையன் ஒருவன் பின்னாலும் அலைவதாக இங்கே முடிதிருத்தும் கடையில் பேச்சு. அது உண்மையா? பெரிய இடத்துக்கு ஆசைப்பட்டு என் பிள்ளை நடுத்தெருவில் நிற்கக் கூடாது.

வெர்னா டிட்வெல்

டிசம்பர் 14, 1993

அன்புள்ள மிஸ் வெர்னா,

முடிதிருத்தும் கடையில் பேசுவதை எல்லாம் நம்பினால் நான் எப்போதோ வேலையை விட்டிருக்க வேண்டும். ஃப்ளோரிடா பையனை எல்லோரும்தான் போய்ப் பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம். எங்களுக்கு வேண்டியது டிராவிஸ்தான்.

ஹார்லனை நினைத்து மனசு கனக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எதுவும் சமைக்காதீர்கள், அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும்.

லோனி

டிசம்பர் 29, 1993

அன்புள்ள கோச்,

நீங்கள் அனுப்பிய பூக்கள் ஹார்லனின் சவப்பெட்டியின் மேலேயே இருந்தன. உங்களால் வர முடியாமல் போனது பற்றி வருத்தப்பட வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் படுக்கையருகே உட்கார்ந்து, "உங்க பையன் இனிமே என் பையன் சார். நாலு வருஷமும் நான் பாத்துக்கறேன்" என்று சொன்னபோது ஹார்லன் உங்கள் கையை விடவே இல்லை. டிராவிஸும் அங்கேயே உங்களுக்குக் கைகொடுத்தான். மறுநாள் ப்ரூயட் வந்தார். ஹார்லன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை போனார். "இந்த வீட்ல சொல் குடுத்தாச்சு, ப்ரூயட். இனி உங்கள உள்ள கூப்ட்டு உக்கார வெச்சா அது அவருக்கும் மரியாத இல்ல, உங்களுக்கும் மரியாத இல்ல" என்றார். எந்தக் கல்லூரி என்று பையன்கள் கையெழுத்துப் போடும் நாள் பிப்ரவரியில்தானே, அதுவரை ப்ரூயட்டுக்கும் ஒரு வழி விட்டுவைக்கலாமே என்றேன். என்னை முறைத்தார். ஒரு காப்பிகூடக் கொடுக்காமல் அந்த மனுஷனை அனுப்பினோம்.

டிராவிஸ் அழவில்லை. அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்கட்டில் தனியாகப் பந்து எறிகிறான். வீட்டில் உங்கள் அணியின் ஆட்டங்களைப் பற்றித்தான் பேச்சு.

வெர்னா

ஜனவரி 20, 1994

அன்புள்ள கோச்,

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தால், வெளியூர் போயிருக்கிறார் என்றே ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்கள். ஃப்ளோரிடா பையன் உங்களிடம் வருவதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது. டிராவிஸ் அந்தப் பக்கத்தை மடித்து என் கண்ணில் படாமல் வைத்திருந்தான். பேப்பர்காரர்கள் தப்பாகவும் எழுதுவார்கள்தானே? ஒரு வரி எழுதுங்கள்.

வெர்னா

ஜனவரி 27, 1994

அன்புள்ள திருமதி டிட்வெல்,

போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. முடிவு தலைமைப் பயிற்சியாளருடையது. ஒரு குவார்ட்டர்பேக்குக்குத்தான் இலவச இடம் இருக்கிறது, அது ஃப்ளோரிடா பையனுக்குப் போய்விட்டது. டிராவிஸ் சொந்தச் செலவில் சேர்ந்தால், அடுத்த வருஷம் அவனுக்காகப் பேசிப் பார்க்கிறேன். நான் அவனுக்காக வாதாடினேன் என்பதை நம்புங்கள். மன்னிக்க வேண்டும்.

எல். ஹாப்கிர்க்

பிப்ரவரி 3, 1994

கோச் ஹாப்கிர்க்,

வாதாடியிருப்பீர்கள். நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும் ப்ரூயட்டுக்குப் போன் செய்தேன். அவரே காரோட்டிக்கொண்டு வந்தார். அவருடைய இடத்தை வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டாராம். அந்தப் பையனிடம் சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன் என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஹார்லன் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஹார்லன் போன செய்தியை எங்கள் வீட்டிலிருந்து யாருமே அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவமானத்தோடு நானே சொன்னேன்.

நேற்றுப் பள்ளியில் கையெழுத்து விழா. மேஜை போட்டு, துணி விரித்து, கல்லூரித் தொப்பிகளை அடுக்கியிருந்தார்கள். வர வேண்டாம் என்று டிராவிஸிடம் அவனுடைய பயிற்சியாளரே சொல்லியிருந்தார். இவன் போனான். கூட ஆடிய ரூடி கையெழுத்துப் போட்டபோது எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினான். நான் வெளியே காரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பள்ளி முடிந்ததும் ஒடெஸாவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிறானாம். பந்தை ரூடியின் தம்பிக்குக் கொடுத்துவிட்டான்.

உங்களை வாயாரத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். அனுப்ப முடியவில்லை. ஏனென்றால் ஹார்லன் போன அன்று காலையில் என்னிடம், "பையனுக்கு வழி பொறந்துடுச்சு வெர்னா. இனிமே எனக்கு பயம் இல்ல" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் முனகாமல் தூங்கினார். தூக்கத்திலேயே போய்விட்டார். அந்தத் தூக்கத்தை அவருக்குக் கொடுத்தது நீங்கள்தான். பிள்ளைக்குச் சேர வேண்டியதை எடுத்து அப்பனுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அப்பனுக்காக நன்றி சொல்கிறேன். பிள்ளைக்காக உங்களை மன்னிக்க என்னால் ஆகாது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

வெர்னா டிட்வெல்