நாற்பத்தெட்டாவது கிலோமீட்டர்

பிப்ரவரி 3, ஞாயிறு

இல்லை, என்னிடம் சைக்கிள் பழகுகிறவர்கள் பந்தயத்தை முடித்துவிடுவார்கள் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. முயன்று பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

மலைப் பந்தயம் மொத்தம் தொண்ணூறு கிலோமீட்டர். நாற்பத்தெட்டில் ஒரு சாவடி. ஐந்து மணி நேரத்துக்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் சைக்கிளின் எண் அட்டையைக் கத்தரித்து வாங்கிக்கொள்வார்கள். என்னுடையதை இரண்டு முறை வாங்கியிருக்கிறார்கள்.

அம்மா காலையில் கேட்டாள். "நீயே பாஸாகாத பரீட்சைக்கு நீ டியூஷன் எடுக்கறியா?"

டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக்கு வந்த நால்வரில் இருவர் போன மாதமே நின்றுவிட்டார்கள். மிச்சம் நர்ஸ் அக்கா. அப்புறம் வரி அலுவலகத்து எழுத்தர் ஒருவர். சமதரையில்கூட பிரேக்கிலிருந்து விரலை எடுக்காததால் அவருக்குப் பெயர் பிரேக் சார்.

பிப்ரவரி 10, ஞாயிறு

நர்ஸ் அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. தையல் வகுப்பு, கணினி வகுப்பு, கார் ஓட்டப் பழகியது, எல்லாம் பாதியில். வீட்டுக்காரர் வாய் ஓயாமல் அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்.

"ஆரம்பிச்சேன், முடிச்சேன்னு சொல்லிக்க ஒண்ணே ஒண்ணு வேணும்டி எனக்கு. வார்டு பூரா சொல்லிட்டேன். பாதியில வந்தா பேஷண்டே சிரிப்பான்."

இன்று சரளை மேட்டில் ஆறு முறை ஏறினாள். வழக்கம்போல நான் பின்னால் வந்தபடி: ரெண்டு கியர் இறக்குங்க. எழுந்திருக்காதீங்க, உக்காந்தே மிதிங்க. பார்வை மேல.

சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் எழுந்துதான் நிற்பார்கள். அக்கா நிற்பதில்லை. சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது அந்தச் சந்தோஷம் இல்லை.

பிப்ரவரி 15

தொண்டை கட்டியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் மௌனம் ஒரு குறையாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 17, ஞாயிறு

எப்படி இத்தனை நாள் தெரியாமல் போயிற்று?

குரல் சுத்தமாக இல்லை. போங்கள் என்று சைகை காட்டினேன். போனார்கள். மேடு ஆரம்பிக்கும் இடத்தில் இருவரும் ஒருசேரக் காலை ஊன்றி, ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"என்ன மேடம், ஒண்ணுமே சொல்லல?" பிரேக் சார்.

மறுபடி. மறுபடி. அக்கா கனமான கியரிலேயே ஏறப் பார்த்து, எழுந்து நின்று, சறுக்கி, புதரில். சிரித்துக்கொண்டே எழுந்தாள். "நீ சொல்லாம கியர் மாத்த என் கட்டை விரலுக்கு ஒண்ணும் தெரியலடி."

ஐந்து மாதம். இத்தனை நாள் மேடு ஏறியது அவர்கள் கால்கள் இல்லை. என் வாய்.

பந்தயத்தில் போட்டியாளர் அல்லாத நான் பின்னால் வர முடியாது.

பிப்ரவரி 24, ஞாயிறு

குரல் திரும்பிவிட்டது. வேண்டுமென்றே வாயைத் திறக்கவே இல்லை. கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். பிரேக் சார், "மேடம் விரதமா?" என்றார்.

அக்கா பதினான்கு முயற்சி. இரண்டில் ஏறினாள். அந்த இரண்டும் ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

பந்தயத்துக்கு இருக்கும் மூன்று வாரத்தில் ஒருவர், யாரும் சொல்லாமலே கேட்கும் காதைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியுமா? காது என்பது சரியான சொல் இல்லை. வேறென்ன? வார்த்தை வரவில்லை. முதுகலையில் மனத்தைப் பற்றி எவ்வளவோ படித்தேன். சரளையில் கியர் மாற்றுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

பிரேக் சார் விலகிவிட்டார். "ஆபீஸ்ல தணிக்கை மேடம். ஆடிட்டர் முன்னாடி கைக்கட்டோட உக்காந்தா நல்லா இருக்காது." இந்த வருடத்தில் அவர் எடுத்த முதல் வேகமான முடிவு.

அக்கா: பத்தில் மூன்று.

மார்ச் 10, ஞாயிறு

பத்தில் நான்கு. போதாது.

மேட்டின் உச்சியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்ப்பது போல.

"பந்தயத்தன்னிக்கு நீ எங்க வேணா நில்லு. வாயை மட்டும் திறக்கக் கூடாது. முடியலன்னா எனக்கு முடியல. சரியா?"

"சரிக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

மார்ச் 16

நாளை பந்தயம். அக்காவின் சைக்கிளுக்குச் சங்கிலி மாற்றினேன். பிரேக் கட்டைகளும் புதிது. ஏறமாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் எதற்குப் புதுச் சங்கிலி?

மார்ச் 17, ஞாயிறு

கத்திவிட்டேன்.

சாவடிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் கடைசி மேடு. இரண்டு முறையும் என்னைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வைத்த மேடு. அங்கேதான் நின்றேன். அக்கா வந்தபோது, புறப்பட்டு நாலு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. முகமெல்லாம் உப்பு. கனமான கியர். இடுப்பு இருக்கையிலிருந்து எழும்புகிறது. பின்சக்கரம் ஒரு முறை சுற்றிக் கல்லைத் துப்பியது. இடது கால் தரையைத் தேடி இறங்குகிறது—

ரெண்டு இறக்குங்க! உக்காருங்க! பார்வை மேல!

என் குரல்தான். நான் முடிவு செய்ததாக ஞாபகம் இல்லை.

கட்டை விரல் அசைந்தது. உட்கார்ந்தாள். ஏறினாள். அடிமேல் அடியாக, ஒரு பொம்மை போல. என்னைக் கடந்தபோது பார்க்கவில்லை.

குறுக்கு வழியில் ஓடினேன். சாவடியில் கடிகாரத்துடன் இருந்தவர் கட்டை விரலை உயர்த்தினார். இன்னும் ஒரு நிமிடம் சொச்சம் இருந்தது. கைதட்டினேன். ஐயோ, கைதட்டினேன். அவள் அரை வாழைப்பழத்தை வாயில் திணித்துக்கொண்டு புறப்பட்டாள். பாதை அங்கிருந்து கீழே திரும்புகிறது.

அவள் மறைந்த பிறகுதான் உறைத்தது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏழு கிலோமீட்டர் இறக்கம் என்று வரைபடத்தில் இருக்கிறது. நான் பார்த்ததில்லை. பார்க்காததை எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பேன்? இந்த ஐந்து மாதத்தில் இறக்கம் என்ற சொல்லை எத்தனை முறை உச்சரித்தேன்? ஏறத்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் நின்றுபோன இடம்வரைதான்.

ஐந்து மணி நேரம் கைப்பிடியை இறுக்கிய கை பிரேக்கைப் பிடிக்காது.

இறக்கத்தில் விழுந்தவளை ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரிலிருந்து வண்டியில் கொண்டுவந்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

மார்ச் 18

அவளுடைய மருத்துவமனைதான். அவளுடைய வார்டு இல்லை, அடுத்த மாடி. ஆறு வாரம் கட்டு. அதற்குப் பிறகும் ஊசி போட அந்தக் கை பழையபடி வளையுமா என்று எலும்பு மருத்துவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எதைக் கேட்கக் கூடாது என்று நர்ஸுக்குத் தெரியும்.

கூட வேலை செய்பவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். "சாவடியத் தாண்டிட்டீங்களாமே!" என்றாள் ஒருத்தி.

அக்கா என்னைக் காட்டினாள். "நான் எங்க தாண்டினேன்? இவதான் தாண்டினா."

அவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 20

மன்னிப்புக் கேட்டு நான்கு வரி எழுதினேன். எல்லாம் என்னைப் பற்றியே இருந்தது. அழித்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

சக்கரத்தை நிமிர்த்தி அவள் சைக்கிளைக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர். கையில் ஈரத்துடைப்பம். "வாங்க கோச்" என்றார். கிண்டல் செய்ய முயன்றார், வரவில்லை.

அக்கா ஜன்னலோரம், மடியில் தலையணை, அதன்மேல் கட்டு. இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு முழுத் தாள். விடுப்பு விண்ணப்பத்துக்காம்.

"அந்த மேட்டுலயே நின்னிருந்தா ரெண்டு கையோட நின்னிருப்பேன்" என்றாள். "தோத்துப் போய், நல்லா அழுதுட்டு, மறுநாள் டியூட்டிக்குப் போயிருப்பேன்."

"தெரியும்க்கா."

"உனக்கு என்ன தெரியும்." கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த கையெழுத்தைப் போட்டாள்.

வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கிளம்ப எழுந்தேன்.

"கொஞ்ச நாளைக்கு வராதடி. கோவம்னு இல்ல. உன் குரலைக் கேட்டா கால் தானா மிதிக்குது."

தலையை மட்டும் ஆட்டினேன்.

சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே சாத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி கிடையாது என்று தணிக்கை முடிந்ததும் மறுபடி வரலாமா என்று கேட்டிருந்த பிரேக் சாருக்கு எழுதி அனுப்பினேன்.