மில் கதவில் ஒட்டிய அட்டவணை

ஏங்க,

மாவு மில் சாவியைத் தேடாதீர்கள், நான் எடுத்துப்போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் ஆறு அடித்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. செல்லக்கண்ணு அக்கா மாவிளக்குக்கு ஊறவைத்த அரிசியை அரைக்கக் கொண்டுவந்து நின்றார். "ஈர அரிசி தம்பி, விடியறதுக்குள்ள புளிச்சிரும்" என்றார். கதவில் நீங்கள் ஒட்டியிருக்கும் 'காலை ஆறு முதல் மாலை ஆறு வரை' அட்டவணையைக் காட்டி, "ஆறுன்னா ஆறுதாங்கக்கா" என்றீர்கள். அவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனது கண்ணிலேயே நிற்கிறது.

அட்டவணையைக் குறை சொல்லவில்லை. நேரம் தவறாமல் வேலை செய்யக் கற்றுத்தரும் அந்த ஆன்லைன் வகுப்பில் சேருமுன் காலை எட்டு மணிக்கும் உங்களை டீக்கடையில்தான் தேட வேண்டும். இப்போது ஆறுக்கே மில் ஓடுகிறது. அதற்காக அம்மனை நான் கும்பிடாத நாளில்லை. ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இன்றைக்குத்தான் அக்காவின் வேண்டுதல். நம் வீட்டுப் பச்சரிசியை ஊறவைத்து, துணியில் பரப்பி எடுத்திருக்கிறேன். ஐந்தரைக்கு அரைத்து, அவர் கோயிலுக்குக் கிளம்புமுன் கொடுத்துவிடுவேன். ஆறு மணிக்கு மில் உங்களுக்குத் திறந்தே இருக்கும்.

பிரகதீஸ்வரி

கரன்ட் ரீடிங் எடுக்க வருவார்கள். நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. அட்டவணையின் அடியில் பென்சிலால் ஒரு வரி எழுதப்போகிறேன்: "கதவைச் சாத்துமுன் ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை பார்க்கவும்." அழிக்க ரப்பர் தேடாதீர்கள். அது என் பையில் இருக்கிறது.