நான்காவது முனைக்கு இரண்டு இணைப்புகள்

ஜனவரி 4

இன்று மாலை ஜெபமாலைக்கு இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் எவெலியோ, பக்கத்து வீட்டு நிக்கோலாசா, வயலின் வாசிக்கும் கிறிசாந்தோ. போனில் மகன் வில்மெர், மூன்றாம் தேவ இரகசியம் வரைக்கும் மட்டும். அதற்குப் பிறகு அவன் முகம் அசையாமல் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி.

"அருள் நிறைந்த மரியேயில பாதி சிலி நாட்டுல நின்னுடுச்சு," என்றாள் நிக்கோலாசா. யாரும் சிரிக்கவில்லை.

குடிலில் குழந்தை இயேசு இன்னும் படுத்திருக்கிறார். பெப்ரவரி இரண்டாம் தேதி காணிக்கைத் திருநாளுக்குள் அவரை எழுப்பி நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாத வீட்டுக்கு வருஷம் முழுக்க ஆகாது. துணியில் கிடத்தி, நான்கு ஞானப்பெற்றோர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து வீட்டைச் சுற்றிவர வேண்டும். எங்கள் துணியின் நான்காவது முனை வில்மெருடையது. அவன் சிலியின் சாந்தியாகோவுக்குப் போனதிலிருந்து அந்த முனையை நாற்காலி முதுகில் கட்டுகிறோம். நாற்காலியைக் கிறிசாந்தோவின் மருமகன் தூக்கி வருவான்.

போன வருஷம் நாற்காலியில் போனையும் வைத்தேன். பாட்டு முடிகிற நேரம். "அம்மா, ஒண்ணு சொல்லணும்..." என்றான். கட். மறுபடி கிடைத்தபோது, "ஒண்ணுமில்லம்மா, அப்புறம்."

ஒரு வருஷமாகியும் அந்த 'அப்புறம்' வரவில்லை.

ஜனவரி 7

இருப்பதைக் கணக்குப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குக் கம்பி வழியாக வரும் இன்டர்நெட் இணைப்பு: வேகம் உண்டு, மழை பெய்தால் போய்விடும். நிக்கோலாசா வீட்டுக் கூரை ஆன்டெனா: ஆமை, ஆனால் மழைக்கு அஞ்சாது. அவள் சுவர் மேலாக ஒயர் தர ஒப்புக்கொண்டாள். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்க வேண்டும். இரண்டுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளுக்கு லோடு பேலன்ஸர் என்று பெயராம். இலவசமாகவே கிடைக்கிறதாம். வில்மெரின் பழைய கம்ப்யூட்டர் அலமாரிக்கு மேலே சும்மாதானே இருக்கிறது.

எவெலியோ: "பங்கு வைக்கிறதுக்கு மெஷின் எதுக்கு? நீயே போதுமே. எனக்குச் சூப்புல கறித்துண்டு போடறப்பக்கூட அளந்துதானே போடுற."

ஜனவரி 10

முதலாவது மென்பொருள்: இலவசம் என்று பெரிய எழுத்தில், முதல் மாதம் மட்டும் என்று சின்ன எழுத்தில். வேண்டாம்.

இரண்டாவது: எல்லோரும் புகழ்கிறார்கள். நிறுவினேன். வில்மெரின் கம்ப்யூட்டர் செம்மறி மாதிரி மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது. அதற்கு வேண்டிய நினைவகம் இதில் இல்லை.

மூன்றாவதைப் பற்றி எழுதக் கோபம் வருகிறது.

ஜனவரி 11

மின்சாரம் இல்லை. ஆண்டவர் இருக்கிறார்.

ஜனவரி 15

சின்னது ஒன்று கிடைத்தது. படம், அலங்காரம் ஒன்றும் கிடையாது. வெறும் எழுத்து. பழைய மெஷினிலும் ஓடுகிறது, இலவசம் என்றால் கடைசிவரை இலவசம். கையேட்டில் பாதிதான் ஸ்பானிஷில். மீதியை அகராதி வைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு பரலோக மந்திரம் என்று படித்து முடித்தேன்.

"ஒவ்வொரு இணைப்புக்கும் எத்தனை பங்கு?" என்று கேட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாதிக்குப் பாதி. பாரபட்சம் என் வீட்டில் இருந்ததில்லை.

ஜனவரி 18

வில்மெரோடு சோதனை. முன்னைவிட மோசம்! குரல் துண்டு துண்டாக வந்தது, அவன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

"அம்மா, இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? ஒரு மெசேஜ் போட்டா போதாதா?"

போதாது. அவனிடம் சொல்லவில்லை. மெசேஜில் நீ மூச்சு விடுவது கேட்குமாடா? எதையோ சொல்ல வந்து விழுங்குகிறாயே, அது தெரியுமா? சமையலறையில் மாவு பிசையும்போது பின்னால் வந்து நின்று ஒன்றும் பேசாமல் ஒரு அரேப்பா ரொட்டியை எடுத்துக்கொண்டு போவாயே. அப்படி வந்து நின்றால் போதும் எனக்கு.

என்ன சொல்ல வந்தாய்? வருகிறாய் என்றுதானே? அதைச் சொல்லத்தானே?

ஜனவரி 24

ஒத்திகை. குழந்தைக்குப் பதில் ஓர் ஆரஞ்சுப் பழம். எல்லோரும் தோள் உயரத்துக்குத் துணியைத் தூக்குங்கள் என்று நான்தான் சொன்னேன். தூக்கினார்கள். ஆரஞ்சு நேராக உருண்டு நிக்கோலாசாவின் மேல் விழுந்தது.

"எக்லே அக்கா, உங்க வீட்டுக்காரர் கொக்கு. நான் பூசணிக்காய். அவர் தோளும் என் தோளும் ஒண்ணா? ஒரே அளவு தூக்குன்னு சொன்னா குழந்தை என் தலையிலதான் விழும்!"

"கொக்கு கொஞ்சம் குனியுது, விடு," என்றார் எவெலியோ. குனிந்தார். ஆரஞ்சு நடுவில் நின்றது.

எனக்கு அதற்கு மேல் ஒத்திகையில் மனம் ஓடவில்லை. எல்லோரும் போன பிறகு கையேட்டை எடுத்தேன். நான் விட்ட தப்பு பதினோராம் பக்கத்திலேயே இருந்தது. ஆமைக்கும் குதிரைக்கும் ஒரே பங்கு கொடுத்திருக்கிறேன். அதுவும் போதாதென்று ஒரே பேச்சில் பாதியை இந்த வழியிலும் பாதியை அந்த வழியிலும் அனுப்பியிருக்கிறேன். ஒரு பேச்சு எந்த வழியில் தொடங்கியதோ அதிலேயே முடிகிறவரை போகட்டும் என்று ஒரு கட்டளை உண்டாம். நான் அதைப் பார்க்காமல் தாண்டியிருக்கிறேன்.

ஜனவரி 25

மாற்றினேன். கம்பிக்குப் பெரிய பங்கு. ஆன்டெனாவுக்குச் சின்னது, எவெலியோ பார்க்கும் பேஸ்பால் ஆட்டம் அதில். வில்மெரின் அழைப்பு கம்பியில் மட்டும், கம்பி விழுந்தால்தான் ஆன்டெனா.

பேசினோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவன் தட்டில் கரண்டி படுகிற ஓசைகூடக் கேட்டது. அந்த 'அப்புறம்' என்னவென்று கேட்டிருக்கலாம் நான். அவனும் சொல்லவில்லை. மழையைப் பற்றியே பேசினோம், இரண்டு பேரும்.

பெப்ரவரி 1

குழந்தை நின்றுவிட்டார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

கிறிசாந்தோ வயலின் எடுத்ததுமே மழை பிடித்தது. பாட்டு நடுவில் கம்பி போய்விட்டது. வில்மெரின் முகம் நின்றது. நான் துணி முனையைப் பிடித்தபடி மாதாவே, மாதாவே என்கிறேன். அரை வரி பாடுவதற்குள் மறுபடி அசைந்தது. ஆன்டெனா தாங்கிக்கொண்டது! படம் மங்கல், குரல் தெளிவு. "நல்லா கேக்குதும்மா, பாடுங்க," என்றான். நிக்கோலாசா பாட்டை விட்டுவிட்டு, "என் ஆன்டெனாடா அது!" என்று கத்தினாள்.

வெடி வெடித்தார்கள். பிஸ்கொசுவேலோ கேக்கும் மோராப் பழ ஒயினும் கொடுத்து முடித்து, நாற்காலியை அறைக்குள் கொண்டுபோனேன். துணி முனை அதிலேயே கட்டியிருந்தது. போனும் அப்படியே.

"அம்மா, போன வருஷம் ஒண்ணு சொல்ல வந்தேன்."

"சொல்லுடா."

"இங்கயே இருந்துக்கலாம்னு தோணுது. நிரந்தரமா. அதுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன், இப்ப பேப்பரும் வந்துடுச்சு. அன்னைக்கு கட் ஆச்சே, நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். இன்னைக்கும் ஆகும்னு பாத்தேன். ஆகமாட்டேங்குது."

நான் போனைப் பார்த்தபடி இருந்தேன். இப்போது போகக்கூடாதா அந்தப் பாழாய்ப்போன இணைப்பு? போகவில்லை. என் கையால் கட்டியது, எப்படிப் போகும்?

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்."

"அந்த நாற்காலிய எடுத்துடும்மா. ஆள் யாரையாவது நிக்க வை. வருஷாவருஷம் அதப் பாக்கறப்ப... என்னால முடியலம்மா."

அழுகிறான் என்று தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவன் அழுது நான் கேட்டதில்லை. அங்கே போய் எத்தனை தடவை அழுதானோ, எந்தக் கட் அதை எனக்கு மறைத்ததோ.

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன் என்கிறார் எவெலியோ.

பெப்ரவரி 2

பூசைக்குப் போனேன். மெழுகுவர்த்தி மந்திரித்து வாங்கினேன். என் குழந்தையை உமக்குக் காணிக்கையாக்குகிறேன் என்று மாதா சொன்ன நாள் இது. அவளுக்கும் சுலபமாகவா இருந்திருக்கும்?

பெப்ரவரி 5

துணியை நாற்காலியிலிருந்து அவிழ்த்துத் துவைத்தேன். முடிச்சுப் போட்ட இடத்தில் மட்டும் சுருக்கம் போகவில்லை. அடுத்த வருஷம் அந்த முனையைக் கிறிசாந்தோவின் மருமகனே பிடிக்கட்டும். நாற்காலி சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிவிட்டது. எவெலியோ அதில் உட்காரவில்லை. நான் உட்கார்ந்து பார்த்தேன்.

கம்ப்யூட்டரை அணைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், ஓடட்டும் என்றேன்.

வில்மெருக்கு அனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன்:

"மகனே, நாற்காலியை எடுத்துவிட்டேன். குழந்தை இயேசு ஒன்று உனக்கென்று செய்யச் சொல்லியிருக்கிறேன், கையளவுதான், டிசம்பருக்குள் யாராவது வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவேன். துணியும் தைக்கிறேன். உன் ஊரில் நான்கு முனையைப் பிடிக்க ஆள் இருக்கிறார்களா? யார் யார், எவ்வளவு உயரம்? சீக்கிரம் பதில் எழுது."